ஊத்துச்சோலைக்கு ஏறிய மூங்கில் ஜீப்

ஊத்துச்சோலையில் முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு எழுத்து தெரியாமல் போனதற்குத் திண்டுக்கல்லில் உள்ள ஓர் அலுவலகமே காரணம். பெயரைப் போட்டால் இந்தக் கட்டுரை அச்சேறாது. அதனால் அலுவலகம் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் மலையேறியது சென்ற புரட்டாசிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. போய்வர ஐந்து நாள் ஆயிற்று. எனக்குத் தொழில் தட்டச்சு. தாலுகா கச்சேரிக்கு எதிர்ச்சாரியில் ஒரு மேசை, ஒரு பழைய மெஷின், வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். ஊத்துச்சோலைச் சின்னக்காமுவும் அப்படி வந்தவர்தான். நாற்பது வயது, மலையில் வாழையும் காப்பியும் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார், மாதம் ஒரு முறை மருந்து வண்டி, இரண்டும் வேண்டும் என்று சென்ற ஆண்டு மனுக் கொடுத்தார். பதில் வந்தது. ஜீப் செல்லும் பாதை இல்லாத ஊருக்கு இரண்டையும் அனுப்ப இயலாது, ஊர்மக்கள் தாமே பாதை அமைத்தால் பரிசீலிக்கப்படும்.

அந்த வரியை எழுதியவர் அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார். மலைக்காரர்கள் வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார்கள். மாசியிலிருந்து ஆனி வரை ஐந்து மாதம், ஐந்தேகால் மைல் பாதை வெட்டினார்கள். ஆடியில் நான் அடித்துக் கொடுத்த மனுவின் பேரில் ஆவணியில் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஒரு பர்லாங்கு ஏறியதும் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஜீப் மாட்டிக்கொண்டது. கதவைத் திறக்க இடமில்லை. அதிகாரி பின்பக்கமாகத் தவழ்ந்து இறங்கினார். 'ஜீப் செல்லத் தகுதியற்றது' என்று எழுதினார். புரட்டாசிக் கடைசிப் புதன்கிழமை இன்னொரு முறை வந்து பார்ப்பதாகவும், அப்போதும் ஜீப் ஏறாவிட்டால் கோப்பு மூடப்படும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் புதன்கிழமையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சின்னக்காமு மறுபடி என்னிடம் வந்தார். ஐந்து மாதம் வெட்டிய பாதையில் ஜீப் எப்படி நுழையாமல் போகும் என்று கேட்டேன். சொன்னார். அவருடைய தங்கை மூக்கம்மாள் பலாப்பழம் விற்க ஆத்தூர்ச் சந்தைக்கு வந்தபோது, அங்கே நின்றிருந்த ஒரு ஜீப்பை, டிரைவர் தூங்கிக்கொண்டிருக்கையில், வாழைநார்க் கயிற்றால் அளந்து வந்திருக்கிறாள். இந்தப் பக்கச் சக்கரத்துக்கும் அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலம். இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட்டி, கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஐந்தேகால் மைலையும் அந்த முடிச்சுக்கே வெட்டிவிட்டார்கள். சக்கரத்துக்கு வெளியே ஜீப்புக்கு உடம்பு இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நான் சிரித்து முடிக்கும்வரை சின்னக்காமு காத்திருந்தார். பிறகு, "அடிச்சாச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்த வெட்கம்தான் என்னை மலைக்கு அனுப்பியது.

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூருக்கு முதல் பஸ் காலை ஆறேகாலுக்கு. பதின்மூன்று மைல், ஐம்பது நயா பைசா, ஒரு மணி ஐந்து நிமிடம். இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் படாது. மலைக்குப் போகிறேன் என்றதும் கண்டக்டர், வாழைத்தார் வாங்கவா என்று கேட்டார். இல்லை, ஊரைப் பார்க்க என்றேன். "பாக்கவா? ஆத்தூர்ல செத்த நேரம் உக்காந்தா மலையே தார் தாராத் தலையில ஏறி எறங்கி வருமே. நீங்க எதுக்கு ஏறுறீய?" என்றார். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். திண்டுக்கல்லில் எல்லோரும் மலைப்பழம் தின்கிறோம். அதைச் சுமந்து வருகிற தலை எந்த ஊர்த் தலை என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆத்தூரில் சின்னக்காமு காத்திருந்தார். இட்லிக்கடையில் நாலு இட்லியும் ஒரு காப்பியும் முப்பது நயா பைசா. அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. அங்கிருந்து நெல்வயலும் தென்னந்தோப்பும் பூந்தோட்டமுமாக மூன்றரை மைல் சமதரை. அணைக்கரையைத் தாண்டினால் ஓடை. ஓடையோடு சமவெளி முடிகிறது.

ஓடையில் ஒரு குவியல் கூடைகள் கிடந்தன. மலையிலிருந்து வாழைத்தார் சுமந்து இறங்கிய ஆண்களும் பெண்களும் திரும்பும்போது ஆளுக்கொரு கூடையில் ஆற்று மணலை அள்ளிக்கொண்டு ஏறினார்கள். பாதையில் எங்கே பள்ளம் தெரிகிறதோ அங்கே கொட்டிவிட்டு, வெறுங்கூடையை அடுத்து இறங்குகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை, யார் எத்தனை கூடை என்று எழுதவில்லை. எழுதவும் அங்கே ஆளில்லை. தலையில் ஒரு மணங்குச் சுமையோடு இறங்கியவர்கள் ஏறும்போதாவது கையை வீசிக்கொண்டு நடக்க ஆசைப்பட மாட்டார்களா என்று சின்னக்காமுவிடம் கேட்டேன். அவர் பதிலாக என்னிடமும் ஒரு கூடையை நீட்டினார். "விருந்தாளிக்குச் சின்னக் கூட" என்றார்.

எட்டே முக்காலுக்கு ஏறத் தொடங்கினோம். முதல் இரண்டு மைல் முள்ளும் பாறையும், வெயில் மண்டையைப் பிளக்கிறது. மூன்றாவது மைலில் திடீரென்று குளிர்கிறது. மரங்கள் மேலே கூடிக்கொண்டு வானத்தை மறைக்கின்றன. கிளைகளில் பாசி தொங்குகிறது, பெரணிச் செடி இடுப்பளவு நிற்கிறது, எங்கே நின்றாலும் எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. கீழே மூன்று மாதமாக மழையில்லாத ஊரிலிருந்து வந்தவன் நான். மரத்தின் மேல் கை வைத்தால் கை நனைந்தது. கொஞ்ச நேரம் கோபத்தை மறந்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு காலைப் பார்த்தேன், ஒன்பது அட்டைகள். துணியில் உப்பை முடிந்து ஒரு குச்சியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஈரமாக்கித் தொட்டால் விழுந்துவிடும். பிய்த்து எடுத்தால் புண்ணாகும்.

பாதை முழுவதும் கறுப்புத் தழும்புகள். வெடிமருந்து இல்லாமல் பாறையை உடைத்த இடங்கள் அவை. பாறை மேல் விறகை அடுக்கி அரை நாள் எரிக்கிறார்கள். கல் சிவக்கச் சூடானதும் மூங்கில் குழாய்களில் குளிர்ந்த ஊற்றுநீரைக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். வெடித்த கீறலில் கடப்பாரையை விட்டு நெம்புகிறார்கள். ஒரு சாண் அகலத்துக்கு ஒரு நாள். ஆவணியில் அதிகாரி திரும்பிப் போனபின், ஏற்கெனவே வெட்டிய ஐந்தேகால் மைலையும் ஒரு முழம் அகலப்படுத்த மறுபடி அடிவாரத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், தினமும்.

ஊருக்குள் நுழைந்தபோது மணி இரண்டு பத்து. முப்பத்தெட்டு வீடுகள், மண்சுவர், மலைச்சரிவில் வளரும் போதைப்புல் வேய்ந்த கூரை. வீடுகளுக்கு மேலே சோலை, கீழே காப்பி, வாழை, எலுமிச்சை, பலா. ஊரின் பேருக்குக் காரணமான ஊற்று நடுவே ஓடுகிறது. சாமைச் சோறும், வெஞ்சனத்துக்குப் பலாக்கொட்டையும் கீரையும் போட்டார்கள். காசு கொடுக்க முயலாதீர்கள். உப்பு, தீப்பெட்டி, வெல்லம் வாங்கிக்கொண்டு போங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள்.

பரிமாறியவள் மூக்கம்மாள். முப்பது முப்பத்திரண்டு வயது, நெற்றியில் தீப்புகையின் கரி. ஜீப்பை அளந்த கதையை நான் கேட்காமலே அவளே எடுத்தாள். "நாலு சக்கரமும் நடக்க எடம் இருந்தாப் போதும்னுதான் நெனைச்சேன். மாடு போற தடத்துல மாட்டு வயித்துக்குன்னு யாரு எடம் வெட்டுறா? அதுவா ஒதுங்கிப் போகும். இந்த எழவு ஒதுங்காதுன்னு எனக்கென்ன தெரியும்?"

"சொன்னேன், கேட்டாளா? போறவ ஜீப்பு வயித்தையும் சேத்து அளந்துட்டு வாடின்னு" என்றான் அவள் கணவன் வீரணன்.

"நீ எப்பச் சொன்ன? நீ அப்பப் பாயில கெடந்து வாந்தியில்ல எடுத்துக்கிட்டிருந்த?"

வீரணன் அப்போது பாயில் கிடந்த காரணம் இது. இடுப்புவலிக்கு என்று சந்தையில் ஒரு புட்டி மருந்து வாங்கினார்கள். புட்டியில் ஒட்டியிருந்த தாளில் 'வெளியில் தேய்க்க மட்டும்' என்று தமிழில்தான் எழுதியிருந்தது. ஊரில் படிக்க ஒருவரும் இல்லை. மூன்று வேளை குடித்தான். நாலு நாள் இரத்தமாக வாந்தி. அந்தப் புட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறார்கள். எனக்குக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார்கள். படித்தேன். ஏற்கெனவே இரண்டு பேர் படித்துக் காட்டியிருக்கிறார்களாம். மூன்றாவது முறையும் மூக்கம்மாள் ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள். வீரணன், "உள்ளயும் பூசிக்கிட்டேன், அம்புட்டுத்தான். இப்ப எந்தப் பக்கமும் வலி இல்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மூக்கம்மாள் சிரிக்கவில்லை. வாத்தியார் கேட்டு மனுக் கொடுக்கவேண்டும் என்று அதற்கு முன்பே அண்ணனைத் திண்டுக்கல்லுக்கு விரட்டியவள் அவள்தான்.

திங்கட்கிழமை காலையில் அந்த ஜீப்பைப் பார்த்தேன்.

அதிகாரி போன மறுவாரமே மூக்கம்மாள் திரும்பவும் ஆத்தூருக்கு இறங்கியிருக்கிறாள். இந்த முறை ஜீப் டிரைவர் விழித்திருந்தார். திண்டுக்கல் பேகம்பூர்க்காரர், நல்ல மனுஷன். அவளைத் திட்டாமல், நீளம், அகலம், உயரம், எல்லாவற்றையும் தானே கயிற்றைப் பிடித்து அளந்து கொடுத்திருக்கிறார். முன்சக்கரம் மட்டும்தான் திரும்பும், பின்சக்கரம் திரும்பாது, வளைவுகளில் அதையும் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டுவந்து அவள் மூங்கிலைப் பிளந்து ஒரு ஜீப் கட்டினாள். தரை இல்லை, இருக்கை இல்லை. ஆனால் உண்மையான ஜீப்பின் நீளம், அகலம், உயரம், ஒரு விரற்கடை பிசகாமல். நாலு மூலையிலும் நாலு பேர் உள்ளே நின்று தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முன்னால் இரண்டு பேர் திரும்பலாம். பின்னால் இரண்டு பேர் நேராகத்தான் கால் வைக்கலாம், மூங்கில் இழுக்கிற பக்கம் போகலாம். பாறையிலோ மரத்திலோ எங்கே மூங்கில் உரசுகிறதோ அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. மறுநாள் அங்கே தீ மூட்டுகிறார்கள்.

எஞ்சினியரிங் கல்லூரி எதிலும் இதைச் சொல்லிக் கொடுப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த மூங்கில் சட்டத்தைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். திண்டுக்கல்லில் பேன்ட் போட்டுக்கொண்டு மலைக்காரனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவர்கள் ஒருவரிடமும் இவ்வளவு புத்தியை நான் கண்டதில்லை.

திங்களும் செவ்வாயும் நான் இடப்பக்கப் பின்சக்கரம். வலப்பக்கப் பின்சக்கரம் வீரணன். முன்னால் சின்னக்காமுவும் மூக்கம்மாளும். வளைவுகளில் நான் பழக்கத்தில் உடம்பை ஒதுக்கிக்கொள்வேன். உடனே முன்னாலிருந்து சின்னக்காமுவின் குரல் வரும்.

"ஏலே பின்சக்கரம், ஒதுங்குதியா?"

"கால் இடறிச்சு."

"சக்கரம் இடறாது அப்பு. முட்டுனா முட்டுச்சுன்னு சொல்லு. நீ ஒதுங்கிக் குடுத்தா புதங்கெழம அதிகாரி ஒதுங்குவாரா?"

மொத்தம் பதினேழு வளைவுகள். பதினாறில் மூங்கில் உரசாமல் போனது. பதினோராவது வளைவில் மட்டும் யானை முதுகு போன்ற ஒரு பாறை ஒன்றரை சாண் துருத்திக்கொண்டு நின்றது. திங்கட்கிழமை முழுவதும் எரித்தோம், ஒரு சாண் பெயர்ந்தது. செவ்வாய் மதியம் தூறல் பிடித்தது. நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. மூக்கம்மாள் வீட்டுக்குப் போய்த் தன் கூரையின் பின்பக்கத்தில் காய்ந்த போதைப்புல்லை உருவிக்கொண்டு வந்து விறகுக்கு அடியில் திணித்தாள். அதைப் பார்த்து இன்னும் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் அவரவர் கூரையை உருவினார்கள். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. நாலரை மணிக்குப் பாறை வெடித்தது. ஐந்தரைக்கு மூங்கில் ஜீப் அதைத் தொடாமல் வளைந்து ஏறியது. ஊற்றடியில் கொண்டுபோய் இறக்கினோம். வீரணன் வாயாலேயே ஹாரன் அடித்தான்.

அப்போது நான் என் பட்டணத்துச் சந்தேகத்தைக் கேட்டேன். பாதை திறந்தால் மரம் வெட்டுகிற காண்டிராக்டரும் அதே வழியில்தான் வருவான், ஐந்து வருடத்தில் சோலை மொட்டையாகிவிடாதா? இதை நான்தான் முதலில் யோசித்ததாக எனக்கு எண்ணம்.

மூக்கம்மாள் மூங்கில் ஜீப்பைக் காட்டினாள். "லாரிய எதுக்கு அளக்கலைன்னு நெனைச்சிய? சந்தையில லாரியும் நின்னுச்சு. ஜீப்பு அகலத்துக்கு மேல ஒரு சாண் வெட்ட மாட்டோம். வாத்தியாரு வருவாரு, மருந்து வரும். மரம் எறங்காது."



புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஊரில் பாதிப் பேர் ஓடைக்கரையில் இருந்தோம். பெண்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தார்கள். மணி பதினொன்று. ஒன்று. ஆத்தூர்ப் பக்கம் புழுதி கிளம்பும்போதெல்லாம் எழுந்து நின்றோம். இரண்டு முறை மாட்டுவண்டி, ஒரு முறை காற்று. மூன்று மணிக்குச் சின்னக்காமு, வழியில் டயர் வெடித்திருக்கும் என்றார். ஐந்து மணி. மூக்கம்மாள் எழுந்தாள். குவியலிலிருந்து ஒரு கூடையை எடுத்து மணலை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். மற்றவர்களும் ஆளுக்கொரு கூடை எடுத்தார்கள்.

அன்றிரவு ஆத்தூரில் தங்கிவிட்டு, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் திண்டுக்கல்லில் அந்த அலுவலகத்தில் நின்றேன். கிளார்க் எனக்குத் தெரிந்தவர்தான். என் மனுக்களைத் தினமும் பார்க்கிறவர். புதன்கிழமை பழனிக்குப் பெரிய மனிதர் ஒருவர் சாமி கும்பிட வந்திருந்தார், ஜீப் அவர் குடும்பத்தின் பின்னால் போயிருந்தது என்றார். சரி, நாளைக்கு அனுப்புங்கள் என்றேன். கெடு நேற்றோடு முடிந்தது, கோப்பை மூடியாயிற்று என்றார். என்ன எழுதி மூடினீர்கள் என்று கேட்டேன். கோப்பைத் திருப்பிக் காட்டினார். 'ஜீப் செல்லவில்லை.'

பொய் என்று சொல்ல முடியாது. ஜீப் செல்லவில்லைதான்.

போக நினைப்பவர்களுக்கு: தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஓடை பெருகினால் இரண்டு மூன்று நாள் மேலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆத்தூரிலிருந்து திரும்பக் கடைசி பஸ் மாலை ஆறு மணிக்கு. அதைப் பிடிக்க மலையில் பன்னிரண்டு மணிக்கே இறங்கத் தொடங்க வேண்டும். கம்பளி அவசியம். செருப்பு வழுக்கும், கான்வாஸ் ஷூ நல்லது. வழிகாட்டி தேவையில்லை. பாதை இவ்வளவு சீராக நம் ஜில்லாவில் எங்கும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். ஓடைக்கரையில் ஒரு கூடை மணல் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகவோ வாடகைக்கோ ஜீப் வைத்திருப்பவர்கள் இருந்தால் தாராளமாக ஓட்டிக்கொண்டு போகலாம், ஏறும். ஆனால் தனியார் ஜீப் ஏறியதைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று கிளார்க் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இந்த நாட்டுக்கு எதிர்காலம் உண்டா என்று நண்பர்கள் டீக்கடையில் வாதம் செய்கிறார்கள். ஊத்துச்சோலைக்கு உண்டு, அந்த மட்டும் எனக்கு நிச்சயம். செய்த தவறைத் திருத்த ஐந்தேகால் மைலை இரண்டாம் முறை வெட்டுகிறவர்கள், தங்கள் காட்டுக்கு எது வரலாம் எது வரக்கூடாது என்பதைப் பாதையின் அகலத்திலேயே முடிவு செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எதையும் கற்பிக்கத் தேவையில்லை, அ, ஆ தவிர.

அன்றைக்கு மத்தியானம் என் மேசைக்குத் திரும்பி, யாரும் கேட்காமல் ஒரு மனு அடித்தேன். அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி முடிந்துவிட்டது, கார்த்திகையும் பாதி போய்விட்டது. பதில் இல்லை. அதனால் அதை இங்கே எல்லோரும் பார்க்க அச்சிடுகிறேன்:

'ஐயா, ஊத்துச்சோலை மக்கள் தங்கள் வேலையை இரண்டு முறை முடித்துவிட்டார்கள். உங்கள் ஜீப்பை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அனுப்புகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.'